பத்தானெஸ் தீவுகளின் கலங்கரை விளக்கங்கள்

கடற்கரையில் உயர்ந்து நின்று இரவில் ஒளி வீசும் கோபுரத்துக்குத் தமிழ் மக்கள் கலங்கரை விளக்கம் எனப் பெயரிட்டனர். கரைதல் என்னும் சொல்லுக்கு அழைத்தல் என்பது பொருள். காகம் கரைகிறது என்னும் வழக்கை யாவரும் அறிவர். கலத்தைக் கரைவது, அஃதாவது கப்பலைக் கூவி அழைப்பது, கலங்கரை விளக்கம் என்று பழைய உரையாசிரியர்கள் பொருள் கூறினர். ஆங்கிலேயர் அதனை ஒளி இருக்கும் வீடு என்ற அளவில் அழைத்தனர். ஸ்பானியர், பழைய அலெக்சாந்திரியாவின் துறைமுகத்தில் விளக்குக் கோபுரம் நின்ற பாரோஸ் தீவின் பெயரையே எல்லாக் கோபுரங்களுக்கும் பொதுப்பெயராக்கினர். தமிழோ அவ்விளக்குச் செய்யும் தொழிலைப் பெயராக்கிக் கொண்டது. அத்தொழிலின் உண்மையை எண்ணிப் பார்க்கச் செய்யும் மூன்று விளக்கங்கள் பிலிப்பைன்ஸ் நாட்டின் வடகோடியிலுள்ள ஒரு சிறு தீவு மாகாணத்தில் நிற்கின்றன. அம்மாகாணத்தின் பெயர் பத்தானெஸ்.

பிலிப்பைன்ஸ் நாடு 7,641 தீவுகளைக் கொண்டது. அவற்றுள் மிகப் பெரியதாகிய லூசோனின் வடகரையை விட்டு நீங்கும் மாலுமி முதலிற் பாபுயான் தீவுகளைக் காண்பான். அவற்றையும் தாண்டிப் பாலிந்தாங் நீரிணையைக் கடந்தால் பத்தானெஸ் தீவுகள் தோன்றும். அவற்றுக்கு வடக்கே பாஷி நீரிணை கிடக்கின்றது, அதற்கப்பால் தைவான். மேற்கே தென்சீனக் கடலும் கிழக்கே பசிபிக் சமுத்திரமும் இத்தீவுகளைச் சூழ்ந்துள்ளன. தீவுகள் பத்து. மக்கள் வாழ்பவை பத்தான், சப்தாங், இத்பாயாத் என்னும் மூன்றே. முழு மாகாணத்தின் நிலப்பரப்பு ஏறக்குறைய 219 சதுர கிலோமீற்றர். 2020ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி அங்கு வாழ்ந்தோர் 18,831 பேர். பரப்பினாலும் மக்கள் தொகையினாலும் பிலிப்பைன்ஸ் மாகாணங்களுள் மிகச் சிறியது இதுவே. தலைநகராகிய பாஸ்கோ பத்தான் தீவில் உள்ளது. அந்நகரிலிருந்து நோக்கினால் சொந்த நாட்டுத் தலைநகராகிய மணிலாவினும் அயல்நாடாகிய தைவானே அண்மையது.

இரு பெருங்கடல்கள் சந்திக்கும் இவ்விடத்தில் நீர் ஒருபோதும் அமைதியாகக் கிடப்பதில்லை. குரோஷியோ என்னும் வெப்ப நீரோட்டம் லூசோனின் கீழ்க்கரையை ஒட்டி வடக்கே பாய்ந்து இத்தீவுகளின் அருகாகச் செல்கின்றது. பத்தானுக்கும் சப்தாங்குக்கும் இடைப்பட்ட கடல், பகலவன் ஒளிரும் நல்ல நாளிலும் பிரயாணிகளைக் கலங்கச் செய்வது. ஆயினும் பசிபிக் சமுத்திரத்திலிருந்து சீனக் கடலுக்குச் செல்லும் கப்பல்களுக்கு இந்நீரிணைகள் இன்றியமையாத வாயில்கள். 1687ஆம் ஆண்டில் இங்கு வந்த வில்லியம் டாம்பியர் என்னும் ஆங்கிலக் கடலோடி, தீவு மக்கள் கரும்புச் சாற்றிலிருந்து வடித்த பானத்தின் பெயரால் இவற்றைப் பாஷித் தீவுகள் என்று குறித்துச் சென்றார். பாஷி நீரிணை என்னும் பெயர் அதன் வழியாகவே நிலைத்தது. 1944ஆம் ஆண்டில், இரண்டாம் உலகப் போரின்போது, இதே நீரிணையிலும் அதன் அயலிலும் அமெரிக்க நீர்மூழ்கிகள் ஜப்பானியப் படைக்கப்பல்கள் பலவற்றை மூழ்கடித்தன. கப்பலுக்கு வழியும் கப்பலுக்குப் புதைகுழியுமாக இருந்த கடல் இது.

பிலிப்பைன்ஸில் முறையாகக் கலங்கரை விளக்கம் அமைக்கும் வேலையைத் தொடங்கியவர்கள் ஸ்பானியர். மணிலாவில் பாசிக் ஆற்றின் முகத்துவாரத்தில் 1846ஆம் ஆண்டில் விளக்கு ஏற்றப்பட்டது. அந்நூற்றாண்டின் பிற்பகுதியிலே, தீவுக் கூட்டத்தின் முக்கிய கடல்வழிகள் அனைத்துக்கும் ஒளி அமைக்கும் பெருந்திட்டம் ஒன்று வகுக்கப்பட்டது. சீனத்திலிருந்து மணிலாவுக்கு வரும் கப்பல்களுக்காக லூசோனின் வடமேற்கு மூலையில் பொஹெயாடோர் முனைக் கோபுரமும், வடகிழக்கு மூலையில் பலாவி தீவின் எங்கானோ முனைக் கோபுரமும் எழுந்தன. இரண்டிலும் 1892ஆம் ஆண்டில் ஒளி ஏற்றப்பட்டது. எங்கானோ என்னும் ஸ்பானியச் சொல்லுக்கு ஏமாற்று என்பது பொருள். மாலுமிகளை ஏமாற்றிய முனைக்கு அப்பெயர் இடப்பட்டதும், பின்பு அம்முனையிலேயே உண்மை உரைக்கும் விளக்கு ஒன்று நாட்டப்பட்டதும் பொருத்தமானவையே.

அக்காலத்துப் பெருங்கோபுரங்களின் உயிர்நிலை அவற்றின் கண்ணாடியில் இருந்தது. சாதாரண விளக்கின் ஒளி எல்லாத் திசைகளிலும் சிதறி வீணாகும். பிரெஞ்சு விஞ்ஞானியாகிய அகஸ்டின் பிரெனெல், பல கண்ணாடி அரியங்களை வளையம் வளையமாக அடுக்கிச் சிதறும் ஒளியை ஒரு கற்றையாகத் திரட்டும் வில்லையை அமைத்தார். 1823ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் கோர்துவான் கோபுரத்தில் அது பொருத்தப்பட்டது. பின்னர் உலகின் கடற்கரைகள் எங்கும் அது பரவியது. வில்லை சுழலும்போது தொலைவிலுள்ள மாலுமியின் கண்ணுக்கு ஒளி விட்டுவிட்டுத் தோன்றும். அவ்வாறு தோன்றும் கால இடைவெளி ஒவ்வொரு கோபுரத்துக்கும் வெவ்வேறாக வைக்கப்படும். மாலுமி ஒளியைக் கண்டு இடைவெளியை எண்ணி, இது இன்ன முனை என்று அறிவான். ஆதலின் கலங்கரை விளக்கம் ஒளி தருவதோடு தன் பெயரையும் சொல்லுகின்றது எனலாம்.

விளக்கை உயரத்தில் வைப்பதற்கும் காரணம் உண்டு. பூமி உருண்டையாதலின், கடல் மட்டத்திலிருந்து 1 மீற்றர் உயரத்திற் கண் இருப்பவனுக்கு அடிவானம் ஏறக்குறைய 3.6 கிலோமீற்றர் தொலைவிலேயே முடிந்துவிடும். படகில் அமர்ந்திருக்கும் மீனவனின் உலகம் இவ்வளவே. ஆனால் 100 மீற்றர் உயரத்தில் ஒரு விளக்கு இருந்தால், அதன் அடிவானம் ஏறக்குறைய 36 கிலோமீற்றர் வரை விரியும். அந்நிலையில் மீனவன் 39 கிலோமீற்றருக்கும் மேற்பட்ட தொலைவிலிருந்தே, ஒளிக்கு வலிமையும் வானத்துக்குத் தெளிவும் இருந்தால், கரையின் குறியைக் காண இயலும். பெரிய கப்பலின் உயர்ந்த மேற்றளத்தில் நிற்பவனுக்கு இதன் அருமை அவ்வளவாகத் தோன்றாது. தாழ்ந்த படகில் இருப்பவனுக்கே அது பெருங்கொடை.

பத்தானெஸ் மக்களாகிய இவத்தான்கள் தாழ்ந்த படகினர். பிலிப்பைன்ஸின் பிற பகுதிகளில் ஓடும் படகுகளின் இரு பக்கங்களிலும் மூங்கிற் சட்டங்கள் பிணைக்கப்பட்டிருக்கும். அவை படகு கவிழாது காக்கும். இவத்தான்களின் 'பலோவா' என்னும் படகில் அச்சட்டங்கள் இல்லை. இத்தீவுகளைச் சூழ்ந்த பேரலைகளில் நீண்டு நிற்கும் சட்டம் முறிந்து போகும். எனவே அடி உருண்ட படகைக் கட்டி, அலையை எதிர்க்காது அலையோடு ஏறி இறங்கிச் செல்ல அவர்கள் பழகினர். பலோவாவுக்குச் சிறிய இனமாகிய 'தாத்தாயா' என்னும் படகில் ஓரிருவரே செல்வர். இன்று பலோவாக்களில் இயந்திரம் பூட்டப்பட்டுள்ளது. வடிவம் பழைய வடிவமே.

படகு அம்மக்களின் வாழ்வில் பெற்ற இடத்தை அவர்களுடைய முன்னோரின் கல்லறைகளே காட்டும். கற்களைப் படகின் வடிவிலே தரையில் அடுக்கி அமைத்த பண்டைப் புதைகுழிகள் இத்தீவுகளில் கண்டறியப்பட்டுள்ளன. இறந்தவனும் கடல்வழியே பயணம் செய்பவன் என்று அம்மக்கள் கருதியிருத்தல் கூடும்.

கீழ்க்கரையில் உள்ள தியூரா என்னும் சிற்றூரில் 'மத்தாவ்' என்று அழைக்கப்படும் மீனவர்கள் வாழ்கின்றனர். ஆண்டுதோறும் மார்ச் மாதமளவில் அவர்களுடைய மீன்பிடிப் பருவம் தொடங்கும். தொடங்குமுன் படகு இறங்கும் துறையிலே பலி கொடுத்துக் கடலின் நல்லருளை வேண்டும் சடங்கு நிகழும். அதன்பின் ஏறக்குறைய மே மாதம் முடியும் வரை அவர்கள் கடலுக்குச் செல்வர். முதலிற் பறக்கும் கோலா மீனைப் பிடிப்பர். அதனை இரையாகக் கோத்து, 'அராயு' என்று தாம் பெயரிட்ட டொராடோப் பெருமீனைத் தூண்டிலிற் பிடிப்பர். பிடித்த அராயுவைப் பிளந்து உப்பிட்டு வெயிலிற் காயவைத்துச் சேமிப்பர். புயற்காலத்தில் கடலுக்குப் போக இயலாத நாட்களில் குடும்பம் உண்பது அந்தக் கருவாட்டையே. ஒரு பருவம் தவறினால் ஓர் ஆண்டின் உணவு குறையும். ஒரு படகு மீளாதொழிந்தால் ஒரு குடும்பத்தின் வாழ்வே குலையும்.

இனி அம்மூன்று கலங்கரை விளக்கங்களுக்கு வருவோம். நைடி குன்றின் கோபுரம் பாஸ்கோ நகரை அடுத்தும், தாயிட் கோபுரம் மகாத்தாவ் பகுதியிலும், மூன்றாவது சப்தாங் தீவிலும் உள்ளன. பார்த்த மாத்திரத்தில் ஸ்பானியர் காலத்துக் கோபுரங்கள் என்றே பலரும் எண்ணுவர். உண்மையில் இவை இந்த இருபத்தோராம் நூற்றாண்டிற் கட்டப்பட்டவை. நைடி கோபுரம் 2003ஆம் ஆண்டுக்குரியது. பத்தானெஸ் தொகுதியின் பிரதிநிதியாகத் தேசியச் சட்டசபையில் இருந்த புளோரென்சியோ அபாத் என்பவர், உல்லாசப் பிரயாணிகளை ஈர்ப்பதற்காகக் கலங்கரை விளக்கங்களை அமைக்கலாம் என்ற யோசனையை முன்வைத்தார். வெறும் காட்சிப் பொருளாக அல்லாமல், விளக்கு எரியும் கோபுரங்களாகவே அவை திட்டமிடப்பட்டன. தொலைவில் ஒதுங்கிக் கிடக்கும் சிறு மாகாணத்துக்கு வருவாய் தேட வேண்டிய தேவை இருந்தது. கடலன்றி வேறு செல்வம் பெரிதும் இல்லாத மக்கள், கடலுக்குரிய கட்டடத்தைக் கொண்டே விருந்தினரை அழைக்க எண்ணியது வியப்பன்று.

நைடி கோபுரம் ஆறு மாடிகளும் 66 அடி உயரமும் கொண்டது. அது நிற்கும் குன்றில் அமெரிக்கர் ஆட்சிக் காலத்தில் தந்தி நிலையம் ஒன்று இருந்தது. 1941ஆம் ஆண்டு டிசெம்பர் 8ஆந் தேதி ஜப்பானியப் படை பத்தான் தீவில் இறங்கிற்று. பிலிப்பைன்ஸ் மண்ணில் அப்படை முதன்முதலாகக் கால் வைத்தது இங்கேதான். வானின் வழியே செய்தி அனுப்பிய குன்றில் இன்று ஒளியின் வழியே செய்தி அனுப்பும் கோபுரம் நிற்கின்றது. அதன் உச்சியில் நிற்பவர் ஒருபுறம் 1,009 மீற்றர் உயர்ந்த இராயா எரிமலையையும், அதன் அடியில் பாஸ்கோ நகரையும், மறுபுறம் மேலைக் கடலையும் காண்பர்.

தாயிட் கோபுரம் கீழைக் கடலை, அஃதாவது பசிபிக் சமுத்திரத்தை, நோக்கியது. சுற்றிலும் மரமற்ற பச்சைப் புல்வெளிகள் அலையலையாக ஏறி இறங்கும். ஊருக்குப் பொதுவான அம்மேய்ச்சல் நிலங்களில் மாடுகள் மேயும். மத்தாவ் மீனவரின் தியூராவும் அக்கரையிலேயே உள்ளது.

சப்தாங் கோபுரம் துறைக்கு அருகே மேட்டில் நின்று, பத்தானிலிருந்து கடல் கடந்து வரும் பலோவாவை எதிர்கொள்ளுகின்றது. இத்தீவின் வரலாறு துயர் தோய்ந்தது. ஸ்பானியர் 1783ஆம் ஆண்டில் பத்தானெஸைத் தமது ஆட்சியில் சேர்த்துக் கொண்டனர். சப்தாங் தலைவனாகிய அமான் டாங்கட் அவர்களை எதிர்த்தெழுந்து 1791ஆம் ஆண்டில் உயிர் நீத்தான். அதன் பின்னர்ச் சப்தாங் மக்கள் தம் தீவை விட்டுப் பத்தானுக்குப் பெயர்க்கப்பட்டனர். நெடுங்காலம் கழிந்தே அவர்கள் மீண்டு வந்தனர். ஒரு காலத்தில் ஆட்களற்று இருண்டு கிடந்த தீவின் துறையிலே இன்று ஒரு விளக்கம் நிற்கின்றது.

இவற்றைக் குறித்து ஒரு வினா எழுதல் இயல்பு. செய்மதிகள் வானிற் சுற்றிக் கப்பலின் இடத்தை ஒவ்வொரு கணமும் சொல்லும் காலத்தில், புதிதாகக் கலங்கரை விளக்கம் எதற்கு? பாஷி நீரிணையைக் கடக்கும் பெருங்கப்பல்கள் தம் கருவிகளையே நம்பிச் செல்கின்றன. அவற்றின் தலைவர்கள் பத்தானெஸின் விளக்கைத் தேடிக் கண்களை வருத்த வேண்டியதில்லை. அவ்வாறாயின் இக்கோபுரங்கள் படம் பிடிப்பதற்கான அழகுப் பொருள்கள் மட்டுந்தாமா?

இவ்வினாவுக்கு விடை படகில் உள்ளது. பெருங்கப்பலில் ஒரு கருவி பழுதுற்றால் மாற்றுக் கருவி உண்டு, மின்சாரம் உண்டு, பழகிய அதிகாரிகள் பலர் உண்டு. சிறு படகினனுக்கு இருக்கும் கருவியோ உப்பு நீர் பட்டாற் பழுதாகும். மின்கலம் தீர்ந்தால் ஊமையாகும். கலங்கரை விளக்கத்தைப் படிப்பதற்குக் கருவி வேண்டியதில்லை, கட்டணம் வேண்டியதில்லை. திறந்த கண் ஒன்று போதும். மேலும், கருவி ஓர் இலக்கத்தைக் காட்டும். தன் ஊரின் ஒளியைக் கண்டவனோ, எஞ்சிய தூரம் இவ்வளவு என்று உள்ளத்தால் அறிந்து துடுப்பைப் பற்றுவான். கடலில் மனம் தளராதிருத்தலும் உயிரைக் காக்கும் கருவிகளுள் ஒன்றாகும்.

சப்தாங்குக்குப் படகு ஏறும் துறை பத்தான் தீவின் இவானா ஊரில் இருக்கின்றது. அத்துறையின் அருகே விற்பவர் இல்லாத கடை ஒன்று புகழ் பெற்றது. வேண்டியதை எடுத்துக்கொண்டு உரிய பணத்தைப் பெட்டியில் இட்டுச் செல்ல வேண்டும், காவல் இல்லை. நேர்மைக் கடை என்றே அதற்குப் பெயர். கலங்கரை விளக்கமும் அவ்வகைப்பட்டதே. வருபவன் யார் என்று அது கேட்பதில்லை. நம்மவனுக்கும் அயலானுக்கும் அதன் ஒளி ஒன்றே. வாங்கியவனிடம் அது விலை கேட்பதுமில்லை. கொடுக்கும் கை ஓயாதிருக்கும் வரையில்தான் இத்தகைய அறம் நிலைக்கும்.

அந்தக் கை ஓயாதிருத்தல் பத்தானெஸில் எளிய செயலன்று. பசிபிக்கில் எழும் பெரும்புயல்கள் பல இத்தீவுகளின் வழியாகவே செல்லும். 2016ஆம் ஆண்டு செப்டெம்பரில் மெராண்டி என்னும் கடும்புயல் இத்பாயாத் தீவைத் தாக்கியது. 2021ஆம் ஆண்டு செப்டெம்பரில் சாந்து என்னும் புயல் இவானாவில் கரையேறியது. 2024ஆம் ஆண்டு செப்டெம்பர் இறுதியில் கிராத்தோன் புயல் வந்தது. இவற்றுக்கு இடையே 2019ஆம் ஆண்டு ஜூலை 27ஆந் தேதி இத்பாயாத் தீவு நிலநடுக்கத்தால் அதிர்ந்தது. ஒன்பது பேர் மாண்டனர். கல்வீடுகள் பல இடிந்தன. பழைய தேவாலயத்தின் மணிக்கூண்டு சரிந்தது.

காற்றுக்கு அஞ்சியே இம்மக்கள் தம் வீடுகளைக் கட்டினர். சுண்ணாம்பும் கல்லும் கொண்டு எழுப்பிய சுவர்கள் மிகத் தடித்தவை. கூரையோ அடர்த்தியாக வேய்ந்த புல். புயல் வீசும் திசையை நோக்கிய சுவரில் சாளரம் வைப்பதில்லை. ஆனால் கலங்கரை விளக்கத்துக்கு இவ்வாறு முதுகு திருப்பும் உரிமை இல்லை. குன்றின் உச்சியில், எல்லாத் திசைகளுக்கும் முகம் கொடுத்து, கண்ணாடிக் கூண்டுடன் அது நிற்க வேண்டும். ஆதலால் வீட்டினும் முன்னதாக அடிபடுவதும் அதுவே.

கோபுரம் கட்டும் நாளில் மேளமும் கொடியும் உண்டு; பேச்சும் புகழும் உண்டு. அடுத்த ஆண்டுகளில் கண்ணாடியைத் துடைப்பதும், துருவைச் சுரண்டி நிறம் தீட்டுவதும், பழுதான விளக்கை மாற்றுவதும் புகழற்ற வேலைகள். ஸ்பானியரின் பெருங்கோபுரங்களுக்கு நேர்ந்ததை இங்கு நினைத்தல் தகும். எங்கானோ முனையில் காவலர் குடியிருந்த கட்டடங்கள் காலத்தாற் சிதைந்தன. பொஹெயாடோர் முனையின் அரிய வில்லைத் தொகுதி 1990ஆம் ஆண்டு நிலநடுக்கத்திற் சேதமுற்றது. காவலன் ஒருவன் இரவெல்லாம் விழித்திருந்து எண்ணெய் வார்த்த காலம் போய், சூரிய ஒளியால் மின்னேற்றித் தானே எரியும் விளக்குகள் வந்துள்ளன. அவையும் மனிதரின் கவனிப்பின்றி நெடுநாள் எரிவதில்லை. பிரயாணிகள் செலுத்தும் பணம் அக்கவனிப்புக்கு உதவுமாயின், அபாத் கண்ட யோசனை இரட்டிப்புப் பயன் தந்ததாகும். அழகு காண வந்த அயலவனின் காசு, மீன் தேடிச் சென்ற தீவினனின் வழிக்கு ஒளியாகும்.

இன்னொன்றும் கருதத்தக்கது. பத்தானெஸின் இளைஞர் பலர் கல்விக்கும் தொழிலுக்குமாக லூசோனுக்கும் கடல் கடந்த நாடுகளுக்கும் செல்கின்றனர். பிலிப்பைன்ஸ் நாட்டினர் உலகின் கப்பல்களிலெல்லாம் மாலுமிகளாகப் பணிபுரிவது யாவரும் அறிந்ததே. தம் நாட்டுக்கு வெளியே எத்தனையோ முனைகளின் ஒளியை எண்ணிக் கடந்து செல்லும் அம்மாலுமிகளுள் ஒருவன் பத்தானெஸில் பிறந்தவனாயின், தன் ஊர்க் குன்றிலும் ஓர் ஒளி உண்டு என்று அவன் சொல்லிக்கொள்ளக் கூடும்.

மாலையில் மேலைக் கடலில் கதிரவன் மறையும்போது நைடி குன்றின் நிழல் பாஸ்கோவின் மேல் நீளும். கீழ்க்கரையில் அதற்கு முன்னரே இருள் சூழத் தொடங்கிவிடும். தியூராவின் துறையில் பெண்கள் ஓலையால் முடைந்த 'வாகுல்' என்னும் தலைமறைப்பை அணிந்து, வயலிலிருந்து வீடு திரும்புவர். கடலுக்குச் சென்ற படகு ஒன்று இன்னும் வந்து சேராதிருந்தால், அவர்களுடைய கண்கள் ஒருமுறை கடலை நோக்கும். மறுமுறை குன்றை நோக்கும். அங்கே விளக்கு எரிகின்றதா என்பதே அப்பொழுது அவர்களுக்கு வேண்டிய செய்தி. கலத்தைக் கூவி அழைக்கும் விளக்கு என்று தமிழ் முன்னோர் இட்ட பெயரை அவர்கள் அறியார். ஆயினும் அதன் பொருளை அவர்களினும் நன்கு அறிந்தவர் எவரும் இலர்.